தண்ணீரோடு நடந்த பிள்ளைகள்

நாணல்குடிக்குத் தண்ணீர் சும்மா வந்துவிடாது. மேட்டூரில் திறந்தது கல்லணையைக் கடந்து, ஆறு ஆறாகப் பிரிந்து, வாய்க்கால் வாய்க்காலாகச் சுருங்கி, குடவாசலுக்குக் கிழக்கே இந்தக் கடைமடைக்கு வந்து சேர்வதற்குள் இளைத்துத் துரும்பாகிப் போயிருக்கும். அதனால்தானோ என்னவோ, இந்த ஊருக்கென்று ஒரு வழக்கம் உண்டு. முதல் தண்ணீர் தனியாக வரக்கூடாது. ஊர் எல்லையிலிருந்து பிள்ளைகள் சருகையும் முள்ளையும் விலக்கிக்கொண்டு அதற்கு முன்னால் நடக்க வேண்டும். கடைசி வயலில் அது பாய்கிற வரைக்கும் கூட நடந்த யாரும் திரும்பக்கூடாது. பாதியில் திரும்பினால் தண்ணீரும் திரும்பிவிடுமாம். மூடநம்பிக்கை என்று சொல்கிறவர்கள் கடைமடையில் ஒரு போகம் பயிர் வைத்துப் பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும்.

செம்மொழி டீச்சரும் சின்ன வயதில் அப்படி நடந்தவர்தான். படித்ததும் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில், இப்போது தலைமை ஆசிரியராக இருப்பதும் அதே பள்ளிக்கூடத்தில். ஆசிரியர் என்று பார்த்தாலும் அவர் ஒருவர்தான். பிள்ளைகளைக் கல்யாணப் பந்தியில் உட்கார வைத்தால் பாதி இலை காலியாகக் கிடக்கும்.

பிள்ளைகள் குறைந்த பள்ளிகளைப் பக்கத்துப் பெரிய பள்ளியோடு இணைத்துவிடுவது என்று மேலே முடிவாகியிருந்தது. பேர் என்னவோ இணைப்புதான். இங்கே விழப்போவது பூட்டு. பக்கத்துப் பள்ளி பைபாஸ் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. கடைசி வயல்காரி அம்சத்தின் மகள் மாதிரியான பிள்ளைகள் லாரிகளுக்கு நடுவே அதைத் தாண்டிப் போக வேண்டும். அம்மாக்கள் விடிந்ததும் நடவுக்குப் போய்விடுவார்கள். கூட்டிக்கொண்டு போக யார் இருக்கிறார்கள்? கொஞ்ச நாள் போவார்கள், பிறகு நின்றுவிடுவார்கள். டீச்சர் இதை விடவில்லை. கிராம சபையில் எழுந்து பேசினார். ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் பேசினார். கலெக்டர் ஆபீஸ் வாசலில் தட்டி பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார். மேலிடத்தில் விளக்கம் கேட்டார்கள். விளக்கத்தைக் கொடுத்துவிட்டு மறுபடியும் பேசினார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள்; இந்த டீச்சர் வாயை மூட அரசாங்கத்திடமும் மூடி இல்லை.

அவருக்கு மேலிடத்தை விடப் பெரிய தலைவலி உள்ளூரில் இருந்தது. குஞ்சிதபாதம் ஊரில் பெரிய விவசாயி. அவர் தன் மகள் பூர்ணிமாவைக் குடவாசல் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கு மஞ்சள் வேனில் அனுப்பிய வருஷம்தான் ஊரே அந்த வேனில் ஏறியது. டீச்சர் அவர் வீட்டுக்கு எத்தனையோ தடவை போய்க் கேட்டுவிட்டார். போகும்போதெல்லாம் நல்ல காபி கிடைக்கும். "பாப்போம் டீச்சர்" என்று ஒரு வார்த்தையும் கிடைக்கும். நம் பக்கத்தில் பார்ப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டியதில்லை.

அன்று மத்தியானம் சூர்யபிரகாஷ் என்ற அதிகாரி தலைகளை எண்ண வருவதாக இருந்தது. அவர் எழுதுவதுதான் முடிவு. ஒரு பிள்ளையும் இடத்தை விட்டு அசையக்கூடாது என்று டீச்சர் காலையிலேயே சொல்லிவைத்திருந்தார். எல்லோரும் படிய வாரிய தலையோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மின்விசிறி முனகியது. சாப்பிட்ட மயக்கத்தில் வாய்ப்பாடு பாதித் தூக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் மேற்கே யாரோ கூவினார்கள். தண்ணி வந்துருச்சு.

பிள்ளைகள் அசையவில்லை. ஓடியிருந்தால் அதட்டியிருக்கலாம். அவர்களோ அப்படியே உட்கார்ந்தபடி டீச்சரின் முகத்தைப் பார்த்தார்கள். சன்னல் வழியாக ஈரமண் வாசனை வந்தது. பத்து நிமிஷம் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று டீச்சர் சொன்னார். திரும்பக்கூடாது என்ற வழக்கம் அவருக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் அந்த வாசனையில் அவருக்கு அதிகாரியும் மறந்துபோனார், இணைப்பு ஆணையும் மறந்துபோனது. முதலில் வாசலைத் தாண்டியதே அவர் கால்தான்.

வெடித்துக் கிடந்த வாய்க்காலில் தண்ணீர் நுரையையும் சருகையும் தலையில் சுமந்துகொண்டு மெல்ல மெல்ல வந்தது. ஒவ்வொரு வெடிப்பாக இறங்கிக் குடித்தது, நிறைந்தது, பிறகு அடுத்த அடி வைத்தது. எறும்புகள் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு கரை ஏறின. கொக்குகள் கூடவே நடந்தன. பிள்ளைகள் வேப்பங்கொத்தால் சருகைத் தள்ளியபடி தண்ணீருக்கு முன்னால் பின்னோக்கி நடந்தார்கள். வெயிலும் தண்ணீரும் ஒரே நிறமாகி, எது வாய்க்கால், எது வானம் என்று டீச்சருக்குப் பிடிபடவில்லை. தான் நடக்கிறோமா, தனக்குள் இருக்கும் பாவாடை கட்டிய சின்னப்பெண் நடக்கிறாளா என்றும் தெரியவில்லை. மனசு அவ்வளவு நிறைந்திருந்தது.

கரையில் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு ஒருவர் ஓட்டமும் நடையுமாக வருவதைக் கண்டதும் அந்த நிறைவெல்லாம் வடிந்துவிட்டது. காலிப் பள்ளிக்கூடத்தைப் பார்த்துவிட்டு வருகிறார் சூர்யபிரகாஷ். தண்ணீரைப் பார்க்கப் போய் உள்ளதையும் தொலைத்தேனே என்று நினைத்தார் டீச்சர். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கு வரச்சொன்னார் அதிகாரி. முடியாது என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. கடைசி வயல் வரைக்கும் யாரும் திரும்ப முடியாது, கூட வாருங்கள், அங்கே எண்ணிக்கொள்ளுங்கள் என்றார் டீச்சர். மனிதர் பேண்ட்டை இன்னொரு மடிப்பு மடித்துவிட்டுக்கொண்டு கூடவே நடந்தார்.

தண்ணீர் குஞ்சிதபாதத்தின் வயல் மடைக்கு வந்தபோது அவரே அங்கே நின்றிருந்தார். மண்வெட்டியால் சேற்றை வெட்டித் தன் மடையைத் தானே அடைத்துக்கொண்டிருந்தார். அதிகாரிக்கு ஆச்சரியம். வாசலுக்கு வந்த தண்ணீரை ஏன் விடுகிறீர்கள் என்று கேட்டார்.

"மொதத் தண்ணி கடைசி வயலுக்குங்க. அது அம்சத்தோட வயலு. அங்க பாஞ்சப்புறம்தான் எங்களுக்கு."

இத்தனை கொஞ்சமாக வருகிற தண்ணீருக்கு இவ்வளவு நீள வாய்க்கால் எதற்கு என்றார் அதிகாரி. வேடிக்கையாகத்தான் கேட்டார்.

குஞ்சிதபாதத்துக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "கொஞ்சமா வந்தா தூர் எடுப்போங்க. அதுக்காக வாய்க்காலையா தூத்துப்புடுவாங்க?"

சொல்லிவிட்டு நிமிர்ந்தவர் செம்மொழி டீச்சரைப் பார்த்தார். இத்தனை நாள் அவர் ஒலிபெருக்கி இல்லாமலே ஊருக்குக் கேட்கப் பேசியதும் இதைத்தான். குஞ்சிதபாதம் மறுபடி குனிந்து, அடைத்த மடையையே இன்னொரு தரம் அடைத்தார்.

கடைசி வயலை ஒட்டிய மதகுப்பாலத்துக்குத் தண்ணீர் வந்தபோது, அதைப் பார்க்க வந்த கூட்டத்தில் மஞ்சள் வேன் மாட்டிக்கொண்டு நின்றது. கம்பிக்குப் பின்னால் டை கட்டிய முகங்கள். இத்தனை வருஷமாக அந்தப் பிள்ளைகள் முதல் தண்ணீரை அங்கிருந்துதான் பார்த்தார்கள். பூர்ணிமா கதவைத் தள்ளிக்கொண்டு இறங்கினாள். ஷூவைக் கழற்றிப் பாலத்தில் வைத்துவிட்டு வாய்க்காலில் குதித்தாள். டிரைவர் கத்தினார். அம்சத்தின் மகள் தன் வேப்பங்கொத்தில் பாதியை ஒடித்து அவளிடம் கொடுத்தாள். இருவரும் நடந்தார்கள்.

பொழுது சாய்கிற நேரத்துக்குக் கடைசி வயலில் தண்ணீர் விழுந்தது. கரையில் நின்ற அம்சம் கையிலிருந்த விதைநெல்லைத் தண்ணீரில் தூவினாள். அவள் கண்ணும் நிறைந்திருந்தது. பிள்ளைகள் கணுக்கால் சேற்றில் நின்றார்கள். சூர்யபிரகாஷ் பேனாவை எடுத்து எண்ண ஆரம்பித்தார். பூர்ணிமாவிடம் வந்ததும் பேனா நின்றது. இந்தப் பிள்ளையும் உங்கள் பள்ளிதானா என்று கேட்டார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சேறு அப்பிய டையைக் கவனிக்க ஆள் இல்லை. டீச்சர் ஒரு நிமிஷம் கண்ணை மூடித் திறந்தார்.

"இல்லைங்க சார். அது வேன் பள்ளிக்கூடம்."

பேனா அடுத்த பிள்ளைக்கு நகர்ந்தது. கரையிலிருந்து தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. குஞ்சிதபாதம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வயலில் இறங்கி மகளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"தண்ணியோட நடந்த புள்ள திரும்பக்கூடாதுங்க," என்றார். "அவளையும் சேத்து எண்ணுங்க. நாளைக்குக் காலையில நானே கூட்டியாந்து விடுறேன்."

பார்ப்போம் என்று அவர் சொல்லவில்லை. கரையில், பிள்ளைகளை வேனில் அனுப்புகிற வீட்டுக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாலத்தை விட்டு நகர முடியாமல் நின்ற வேனின் கதவு மறுபடியும் திறக்கிற சத்தம் கேட்டது. அதிகாரி எண்ணியதை அடித்துவிட்டு முதலிலிருந்து எண்ணத் தொடங்கினார்.

செம்மொழி டீச்சருக்கு அப்போதுதான் கால் வலித்தது.