முனிரத்தினத்தின் கிறிஸ்துமஸ் ரொட்டி

"நல்லா அமுத்திப் பெசயி. கையில ஒட்டாம வரணும்" என்றான் முனிரத்தினம், கட்டிலில் சுவரோடு சாய்ந்தபடி.

அவன் மனைவி ஜெயம்மாள் மணிக்கட்டுவரை மாவோடு குண்டானின் முன் குந்தியிருந்தாள். மெட்ராஸ் பேக்கரியில் இருபது வருஷம் மாவு பிசைந்தவன் அவன். நெஞ்சு கெட்டு உத்திரமேரூர்ப் பக்கம் சொந்தக் காலனிக்கே திரும்பிய பிறகு, ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் தெருவுக்கெல்லாம் இனிப்பு ரொட்டி சுட்டான். இந்த வருஷம் எழுந்து நிற்கவே மூச்சில்லை. ஆனாலும் காஞ்சிபுரத்திலிருந்து ஈஸ்ட் வாங்கிவரச் சொல்லிவிட்டான். காலையிலிருந்து மைதா, சர்க்கரை, வெதுவெதுப்பான பால், டால்டா, ஏலக்காய் என்று அவன் ஒவ்வொன்றாகச் சொல்ல, அவள் சேர்த்துக்கொண்டே வந்தாள்.

"இன்னும் ஒட்டிக்கினுதான் கீது. போதுமாயா?"

மாவை இன்னொரு முறை மடித்து அழுத்தினாள்.

"இன்னாயா, தூங்கிட்டியா?"

திரும்பினாள். அவன் கண்கள் திறந்திருந்தன. மார்பு அசையவில்லை. ஓடிப்போய்க் கன்னத்தைத் தொடப் போனவள், விரலெல்லாம் மாவாக இருப்பதைப் பார்த்துப் புறங்கையை அவன் மூக்கருகே பிடித்தாள். வெகுநேரம் பிடித்திருந்தாள்.

எதிர்வீட்டு எல்லம்மாள்தான் வந்து கண்களை மூடினாள்.

நாலு மணிக்கு அடக்கம் என்று உபதேசியார் சொல்லிவிட்டுப் போனார். முனிரத்தினத்தின் அண்ணன் வேதகிரி சாலவாக்கத்திலிருந்து மதிய பஸ்ஸில் வந்து, தம்பியின் காலடியில் நின்று அழுதார். பிறகு மூலையில் இருந்த குண்டான் அவர் கண்ணில் பட்டது. மாவு உப்பி, மூடியிருந்த துணியைத் தூக்கிக்கொண்டு நின்றது.

"சாவு வூட்ல இன்னாத்துக்கு இது? யாராவது கொண்டுபோய்க் கொட்டுங்க."

ஜெயம்மாள் எழுந்தாள்.

"கொட்ட வாணாம் மாமா. சுடணும்."

"பொணத்த வெச்சிக்கினு அடுப்பு மூட்டுவியா?"

"இங்க மூட்டல. எல்லம்மா வூட்ல சுடறேன்."

"புருசன் பக்கத்துல குந்தாம ரொட்டி சுடப் போறியா? ஊர் இன்னா பேசும்?"

"மூச்சு அடங்கற வரிக்கும் அவரு சொல்லச் சொல்லப் பெசஞ்சது மாமா. அத்தப் போயி எப்படிக் குப்பையில கொட்றது?"

வேதகிரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எல்லம்மாள் வந்து குண்டானின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள்.

இரும்புச் சட்டியில் மணல் பரப்பி, மூடிமேல் தணல் போட்டு அவர்கள் சுட்டார்கள். ஜெயம்மாள் அங்கே பார்ப்பாள், தெருவைக் கடந்து வந்து அவன் தலைமாட்டில் உட்காருவாள், மறுபடி போவாள். வெந்த வாசனை எழவு வீட்டுக்குள் வந்தபோது ஒப்பாரி ஒரு கணம் நின்றது. பிறகு யாரோ முன்னைவிட உரக்கத் தொடங்கினார்கள்.

அடக்கம் முடிந்து வந்தவர்கள் கால் கழுவிக்கொண்டு எல்லம்மாள் வாசலில் உட்கார்ந்தார்கள். ஜெயம்மாள் ரொட்டியை அறுத்து முதல் துண்டை வேதகிரியிடம் நீட்டினாள். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

எல்லோருக்கும் கொடுத்த பிறகு அவள் ஒரு விள்ளல் வாயில் போட்டாள். இனிப்பு இருந்தது. ஏலக்காய் மணத்தது. ஆனாலும் ஏதோ குறைந்திருந்தது. மென்றுகொண்டே இருந்தவளுக்கு மெல்லத்தான் புரிந்தது. உப்பு போடவில்லை. அதை அவன் சொல்லவில்லை.

சுற்றிலும் பார்த்தாள். எல்லோரும் தின்றுகொண்டிருந்தார்கள்.

வேதகிரி மடியில் சிந்திய துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றார். பிறகு தலை நிமிராமல் கையை நீட்டினார்.

ஜெயம்மாள் இன்னொரு துண்டு அறுத்தாள்.