விரிசலில் வைத்த கை

எங்கள் கிரிம்வெல் கிராமத்துத் தேவாலயத்தின் மணிக்கோபுரம் ஐந்நூறு வருடம் பழையது. முழுக்கச் சக்கிமுக்கிக் கல்லால் கட்டியது. அதன் மேற்குச் சுவரில் ஒரு நீள விரிசல் இருந்தது. போன போதகர் காலத்திலும் இருந்தது, அதற்கு முந்தையவர் காலத்திலும் இருந்தது என்று நாங்கள் பழகிப்போயிருந்தோம்.

பக்கத்துப் பண்ணைக்காரர் ஆம்ப்ரோஸ் திர்ட்டிலுக்கு மணிச் சத்தமே ஆகாது. மாடு பால் சுரக்க மறுக்கிறது என்று வருடந்தோறும் கடிதம் எழுதுவார். ஆலயப் பொறுப்பாளரான நான் அவற்றைக் கோப்பில் சேர்த்து வைப்பேன்.

அந்தச் செப்டம்பர் ஞாயிறு, கோபுரத்துக்குள் ஆறு பேர் ஆளுக்கொரு கயிற்றை இழுத்து மணியடித்துக்கொண்டிருக்கும்போது, அவர் சாணி படிந்த பூட்ஸோடு நேரே உள்ளே வந்தார்.

“ரோவீனாம்மா, மணியை நிறுத்தச் சொல்லு.”

“வழக்கமா கடுதாசிதானே போடுவீங்க?”

“கிண்டலெல்லாம் அப்புறம். வெளிய வந்து சுவர்ல கையை வச்சுப் பாரு.”

விரிசலில் உள்ளங்கையை வைத்தேன். பெரிய மணி ஒலிக்கும்போதெல்லாம் விரிசல் அகன்று மூடியது. என் காலணியில் சுண்ணாம்புத் தூள் உதிர்ந்தது.

“தொழுவத்து வாசல்லேருந்து ரெண்டு வாரமா பாக்கறேன். சுவரு வயிறு தள்ளிக்கிட்டு நிக்குது. போன மாசம் இப்படி இல்ல.”

உள்ளே ஓடினேன். மணியடிப்பவர்களின் தலைவர் ரோலண்ட் கயிற்றை விடவில்லை.

“அந்த ஆளு பேச்சைக் கேட்டா நிறுத்தச் சொல்ற? நாப்பது வருஷமா நம்ம மணிக்குப் பூட்டுப் போடப் பாக்கறவன்!”

“யாரு சொன்னா என்ன ரோலண்ட்? கல்லு அசையறது என் கைக்கே தெரிஞ்சுது. எல்லாரும் வெளிய வாங்க.”

முறைத்துக்கொண்டேதான் வந்தார். கோபுரக் கதவைப் பூட்டிவிட்டுப் பொறியாளரை அழைத்தேன். புதன்கிழமைதான் வர முடியும் என்றார்.

செவ்வாய் மாலை ஏழேகாலுக்கு மேற்குச் சுவர் அப்படியே சரிந்தது. மணிகள் கீழே விழுந்து, தரையை உடைத்துக்கொண்டு புதைந்தன. செவ்வாய்தோறும் மாலை ஏழு மணிக்கு அந்த ஆறு பேரும் அங்கேதான் மணியடித்துப் பயிற்சி செய்வார்கள்.

இடிபாட்டைக் கிளறிய பொறியாளர் கரி படிந்த செங்கற்களைக் காட்டினார். நூற்றைம்பது வருடம் முன்பு ஆலயத்துக்குக் கணப்பு வைத்தவர்கள், புகைபோக்கிக்காகச் சுவரின் அடியைப் பாதிக் கனத்துக்குக் குடைந்து, மேலே பூசி மறைத்திருந்தார்கள்.

“இத்தனை நாள் தாங்கினதே பெரிசுங்க,” என்றார்.

ஆலயம் மூடியிருந்ததால் அறுப்பின் பண்டிகை ஆராதனைக்குத் திர்ட்டிலே தன் தொழுவத்தைக் கழுவிக் கொடுத்தார். வைக்கோல் கட்டுகள்மேல் உட்கார்ந்து பாடினோம். போதகர் இமோஜன் ஜெபத்தில் அவர் பெயரைச் சொன்னபோது அவர் காது சிவந்துவிட்டது.

ஆராதனை முடிந்ததும் ரோலண்ட் எழுந்து அவரிடம் போனார்.

“திர்ட்டில், உங்களை நான் வாய்க்கு வந்தபடி பேசியிருக்கேன்.”

“தெரியும்யா. காத்து எப்பவும் இந்தப் பக்கம்தான் அடிக்குது, எல்லாம் காதுல விழும்.”

ரோலண்ட் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. திர்ட்டிலின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மற்ற ஐந்து பேரும் வந்து சுற்றி நின்றார்கள். நான் ஆப்பிள் பணியாரத் தட்டை ஏந்தியபடி, அந்த ஆறு முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக் கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

கோபுரத்தைத் திரும்பக் கட்ட நான்கு வருடம் ஆனது. இப்போது மேற்குச் சுவர் அடியிலிருந்தே முழுக் கனத்தோடு நிற்கிறது.