உள்தாழ்ப்பாள்

பக்கவாதம் வந்ததிலிருந்து கஜபதியைக் கோமளாதான் குளிப்பாட்டுகிறாள். ராணுவ டாங்கித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இரும்போடு மல்லுக்கட்டிய உடம்பு அது. மனைவி சொம்பில் மொண்டு ஊற்றும்போது சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும். ஷவர் ஒழுங்காகக் கொட்டினால் நாற்காலியில் உட்கார்ந்து தானே குளித்துவிடலாம் என்று அவர் நம்பினார். ஷவரோ சொட்டியது. கோவில்பதாகையில் இந்த வீட்டைக் கட்டியபோது, மாடி எழுப்பினால் தூக்கி வைத்துக்கொள்ளலாம் என்று தண்ணீர்த் தொட்டியை மேடை கட்டாமல் மேல்தளத்திலேயே உட்காரவைத்தவர் அவர்தான். மாடி எழும்பவே இல்லை. அவ்வளவு தாழ்வான தொட்டியிலிருந்து வரும் தண்ணீருக்கு வேகம் ஏது?

அந்த வேகத்துக்காகப் பம்ப் மாட்ட வந்த பிளம்பர் வேம்புலி, சுவிட்சுக்குக் குளியலறை வாசலில் இடம் பார்த்தான்.

"யக்கா, சார் உள்ள குந்திகினு ஒரு கொரல் குடுத்தா, நீ தட்டி வுட்டுட்டு போய்கினே இரு. சோலி முடிஞ்சது."

கஜபதி கோணிய வாயை இழுத்துப் பேசினார். "கொரல் குடுக்கறதுக்கா... பம்பு?"

வேம்புலி தலையைச் சொறிந்தான். "அதுவும் கரெக்ட்தான் அண்ணாத்தே. ஆட்டோமேட்டிக் ஒண்ணு கீது. கொயாவ தொறந்தா தானா ஓடும், மூடுனா நின்னுடும். கரண்டு பூட்ச்சுன்னா மட்டும் பழையபடி சொட்டும்."

அதையே வாங்கிவந்து, தொட்டியிலிருந்து இறங்கும் குழாயை அறுத்து நடுவில் மாட்டினான். பையைக் கட்டும் நேரத்தில் கோமளா அவனைக் குளியலறைக் கதவருகே கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"இந்த உள்தாழ்ப்பாளைக் கழட்டிக் குடுத்துட்டுப் போப்பா. வழுக்கி விழுந்துட்டார்னா நான் எப்படி உள்ள போறது?"

திருகாணி கழலும் சத்தம் கூடம்வரை கேட்டது. கஜபதிக்குத் தெரியாத சத்தமா அது?

மறுநாள் காலையில் தடியை ஊன்றிக்கொண்டு அவர் உள்ளே போனார். கதவைச் சாத்தியவரின் கை தாழ்ப்பாள் இருந்த இடத்தைத் தடவுவது வெளியே நின்றவளுக்குக் கேட்டது. பிறகு மேலே பம்ப் உறுமியது. தண்ணீர் மழையாகக் கொட்டியது. கோமளா மூச்சுவிட்டாள்.

சோப்புப் பெட்டி திறந்து மூடிய கொஞ்ச நேரத்தில் கரண்டு போனது. உறுமல் அடங்கி, பழைய சொட்டு.

கதவில் கை வைத்தாள். அது விரற்கடை நகர்ந்தது.

"வராத."

"உடம்பெல்லாம் சோப்போட எவ்வளவு நேரம் உக்காந்திருப்பீங்க? ரெண்டு சொம்பு ஊத்திட்டுப் போயிடறேன்."

"கதவ... சாத்து."

சாத்தினாள். சுவரில் சாய்ந்து நின்றாள். நாற்காலிக் கால் தரையில் தேயும்போதெல்லாம் அவள் கை கதவுவரை போய்த் திரும்பியது. கரண்டு வரவில்லை.

ஒரு வழியாக அவர் வெளியே வந்தார். லுங்கியை ஒற்றைக் கையால் கோணலாகச் சுற்றியிருந்தார். குளிரில் தாடை ஆடியது. காதுக்குப் பின்னால் சோப்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. துடைக்க எழுந்த கையைக் கோமளா தன் முந்தானையிலேயே துடைத்துக்கொண்டாள்.

பிறகு சமையலறை அலமாரியிலிருந்து தாழ்ப்பாளை எடுத்துவந்தாள். கதவில் வைத்துத் திருகினாள். பழைய ஓட்டை தளர்ந்துபோய், திருகாணி பிடிக்காமல் சும்மா சுற்றியது.

"தீக்குச்சிய... ஒடச்சு உள்ள வையி," என்றார் கஜபதி, கூடத்திலிருந்து. "அப்புறம் இறுக்கு."

குச்சியைச் செருகி இறுக்கினாள்.

"பத்தல. இன்னொரு சுத்து."