பாதுஷா நின்ற இடங்கள்

திருவானைக்காவலைத் தாண்டுவதற்குள் அந்தக் குதிரை மறுபடியும் நின்றுவிட்டது. இந்த முறையும் ஒரு கல்யாண மண்டபத்தின் முன்னால்தான். கேட் பூட்டியிருந்தது. ஆடி மாதத்தில் யார் கல்யாணம் வைக்கப் போகிறார்கள்? வாட்ச்மேன்கூட இல்லை. ஆனால் பாதுஷாவுக்கு ஆடியும் தெரியாது, ஆவணியும் தெரியாது. மண்டபம் என்றால் நிற்க வேண்டும், மாப்பிள்ளை இறங்க வேண்டும், யாராவது ஆரத்தித் தட்டோடு வர வேண்டும். அதுவரை நகர்வதில்லை என்று வெள்ளை வெளேரென்று நடு ரோட்டில் நின்றது. பின்னால் ஸ்கூட்டியில் ஊர்ந்து வந்த ஆனந்தவள்ளி பிரேக்கைப் பிடித்தாள்.

“என்ன பாய் இது, இப்படி நின்னு நின்னு போனா எப்பப் போய்ச் சேர்றது?”

“வந்துரும் தங்கச்சி. மண்டபத்தைப் பாத்தா அதுக்குக் கால் ஓடாது. பழக்கம்.” கடிவாளத்தைப் பிடித்து நடந்துவந்த கலீம் குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொடுத்தார். பிறகு ஆரத்தி எடுப்பதுபோல் அதன் முகத்துக்கு முன்னால் வெறுங்கையை ஒரு சுற்றுச் சுற்றினார். பாதுஷா தலையை ஆட்டிவிட்டு நடக்க ஆரம்பித்தது.

கலீம், பாலக்கரையில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவர். அவருடைய குதிரையைத்தான் ஆனந்தவள்ளி தன் சொந்தக் குதிரை என்று சொல்லி, கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் திருவெள்ளறை ரோட்டில் இருக்கும் குதிரையேற்றப் பள்ளிக்கு அழைத்துப் போகிறாள். எல்லாம் அவள் வாயால் வந்த வினை.

ஆனந்தவள்ளிக்குச் சின்னக்கடை வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. பட்டுப் பிரிவு. சேர்ந்த அன்றைக்கே முதலாளி சொல்லிவிட்டார்: வந்தவர்களிடம் ‘இல்லை’ என்ற சொல் மட்டும் வரக்கூடாது. மயில்கழுத்து நிறத்தில் மாம்பழ பார்டர் கேட்கிறார்களா, கடையில் அப்படி ஒன்று கிடையவே கிடையாதா, பரவாயில்லை. “இருக்கும்மா, உள்ள இருக்கு. உக்காருங்க, மோர் குடிங்க” என்று சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாக ஓடி, பக்கத்துக் கடையிலிருந்தோ கிடங்கிலிருந்தோ கொண்டுவந்து மடிப்புக் கலையாமல் விரித்துப் போட வேண்டும். இப்படியே வருஷக்கணக்கில் ஓடி ஓடி, அந்த ‘இருக்கு’ அவள் நாக்கிலேயே குடியேறிவிட்டது. புருஷன் சரவணன் மண்ணச்சநல்லூர் மில்களிலிருந்து கேரளாவுக்கு அரிசி லோடு அடிக்கிறவன். வீட்டில் இருக்கிற நாள்களில் மகளிடம், “உங்கம்மாகிட்ட யானை இருக்கான்னு கேளு, உள்ள இருக்கும்பா” என்று கிண்டல் செய்வான். அவளும் சிரித்துக்கொள்வாள். அந்த வாய் தன் பெண்ணுக்கே வினையாகும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

மகள் அனுசுயா பதினோராம் வகுப்பு. எதற்கும் அடம்பிடித்தே பழகாத பெண். தீபாவளிக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் “உனக்குப் பிடிச்சதை எடும்மா” என்பாள். அப்படிப்பட்டவள் பள்ளிக்கூடத்திலிருந்து கோடை முகாமுக்கு அந்தக் குதிரைப் பள்ளிக்குப் போய்வந்த நாளிலிருந்து ஆளே மாறிப்போனாள். முகாம் முடிந்த பிறகும் சனி ஞாயிறுகளில் பஸ் ஏறிப் போனாள். லாயத்தைக் கூட்டுவாள், சாணி அள்ளுவாள், குதிரைகளுக்கு உடம்பு தேய்த்துவிடுவாள். அதற்குப் பதிலாக அன்றைக்கு எந்தக் குதிரை சும்மா நிற்கிறதோ அதில் ஏற விடுவார்கள். மற்ற பிள்ளைகள் காரில் வந்து இறங்கின. சில பேருக்குச் சொந்தக் குதிரையே இருந்தது. வீட்டுக்கு வரும்போது அனுசுயாவின் மேல் குதிரை வாடை அடிக்கும். குளித்தாலும் முழுசாகப் போகாது. ஆனந்தவள்ளி மூக்கைச் சுளிப்பாளே தவிர, அந்த வாடையோடு வரும் மகளின் முகத்தைப் பார்க்க அவளுக்கு ஆசையாக இருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை மகளை அழைத்துவரப் போனபோதுதான் அது நடந்தது. பயிற்சியாளர் மகாலட்சுமி வேலி ஓரமாக அவளிடம் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும், வெயிலில் கறுத்த முகம்.

“அனுசுயாவ டீமுக்கு எடுக்கலாம்னு இருக்கேங்க. கோயம்புத்தூர்ல மாநிலப் போட்டி. ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். உங்களுக்குச் சொந்தக் குதிரை எதுவும் இருக்கா?”

“இருக்குங்க மேடம்,” என்றாள் ஆனந்தவள்ளி. பதில் சொன்ன பிறகுதான் கேள்வியே காதுக்குள் இறங்கியது.

மகாலட்சுமியின் முகம் சுருங்கிவிட்டது. “அப்படியா? அவ சொல்லவே இல்லையே. எங்க இருக்கு?”

“துறையூர்ப் பக்கம். எங்க அண்ணன் தோட்டத்துல.” அண்ணனும் கிடையாது, தோட்டமும் கிடையாது.

“சரி, வர்ற ஞாயித்துக்கிழமை கொண்டு வாங்க. பாத்துட்டு முடிவு பண்ணுவோம்.” அவள் திரும்பிப் போனாள். இதெல்லாம் குதிரை வைத்திருக்கிற மூஞ்சியா என்று நினைக்கிறாள் போல, என்று ஆனந்தவள்ளி எடுத்துக்கொண்டாள். அப்போதே பின்னால் ஓடிப்போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் சொந்தக் குதிரை இல்லை என்றால் டீமில் இடம் இல்லை என்றல்லவா ஆகிவிடும்? இல்லாவிட்டால் எதற்கு அப்படிக் கேட்கிறாள்?

வரும் வழியில் ஸ்கூட்டியிலேயே மகளிடம் சொன்னாள். வண்டி கொள்ளிடம் பாலத்தில் ஏறியது. பிறகு, “நம்ம வீட்டுல ஆடுகூட இல்லம்மா,” என்றாள் அனுசுயா.

“ஞாயித்துக்கிழமை குதிரை வரும். நீ பேசாம இரு.”

“நான் மேடம்கிட்ட உண்மையச் சொல்லிடறேன்.”

“சொன்னா இடம் போயிடும்டி!”

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, வாரம் முழுக்க அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டைக் கழுவி வைத்தாள், பையை எடுத்தாள், போனாள். அந்த மௌனம் ஆனந்தவள்ளியைப் போட்டு அரித்தது. பிள்ளை வாழ்க்கையில் முதன்முதலாக ஒன்றுக்கு ஆசைப்பட்டாள். அதை நாமே கெடுத்துவிடுவோமோ என்ற பயத்தில் ஆடித் தள்ளுபடிக் கூட்டத்துக்கு நடுவில் நின்றபடி தப்புத் தப்பாகப் புடவையை எடுத்துப் போட்டாள்.

அந்தக் கூட்டத்தில்தான் கலீம் ஞாபகம் வந்தது. அவர் மகள் நிக்காவுக்குக் கேட்ட துணிக்காக ஒரு நாள் முழுக்க வீதி வீதியாக அலைந்து கொண்டுவந்து கொடுத்தவள் அவள். போன் போட்டு விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டார். “ஆடில பாதுஷா சும்மாதான் தின்னுட்டு நிக்கிறான். இன்ஷா அல்லா கொண்டாந்துடலாம் தங்கச்சி.” மத்தியான ஷிஃப்டுக்கு வந்துவிடுகிறேன் என்று சூப்பர்வைசரிடம் கெஞ்சி, இன்றைக்கு விடிந்ததும் பாலக்கரைக்குப் போய் நின்றாள். சரிகைத் துணி, குஞ்சம், நெற்றிச்சுட்டி எல்லாவற்றையும் கழற்றியாகிவிட்டது. ஆனால் பிடரி மயிரின் நுனியிலும் குளம்புக்கு மேலேயும் சிவப்பாக இருந்தது. வாளியில் தண்ணீர் எடுத்து ஷாம்பு போட்டுத் தேய்தேய் என்று தேய்த்தாள்.

“அது மருதாணி தங்கச்சி. முடி வளந்து உதிர்ந்தாத்தான் போகும்.”

இப்போது கொள்ளிடம் பாலத்தில் அடுத்த தொல்லை ஆரம்பித்தது. ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். புதுவெள்ளத்தைப் படம் எடுக்கப் பாலம் முழுக்க ஜனம். ஒருவன் போனைத் தூக்கியதும் பாதுஷா சடக்கென்று நின்று, முன்னங்கால் ஒன்றை மடக்கி, கழுத்தை வளைத்துத் தலையைத் தாழ்த்தியது. எத்தனை கல்யாண ஆல்பம் பார்த்த குதிரை! அவன் வெள்ளத்தை விட்டுவிட்டு இதைப் படம் எடுத்தான். அவனைப் பார்த்து அடுத்தவன் எடுத்தான். ஆனந்தவள்ளி முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

பள்ளியின் கேட்டுக்குள் நுழைந்தபோது மற்ற பிள்ளைகள் மைதானத்தில் இருந்தார்கள். பெற்றோர்கள் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அனுசுயா முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டிருந்தாள். கையில் துடைப்பத்தோடு லாயத்து வாசலில் நின்று பாதுஷாவைப் பார்த்தாள். அதன் சிவந்த பிடரியைப் பார்த்தாள், கலீமைப் பார்த்தாள், கண்ணை மூடிக்கொண்டாள்.

மகாலட்சுமி வந்து குதிரையைச் சுற்றிப் பார்த்தாள். பல்லைப் பார்த்தாள், காலைத் தூக்கிப் பார்த்தாள். குளம்புக்கு மேலிருந்த சிவப்பைத் தொட்டு விரலைப் பார்த்தாள். “நல்லாத்தான் வெச்சிருக்கீங்க. அனுசுயா இதுலதான் ஏறிப் பழகினாளா?”

ஆனந்தவள்ளி வாயைத் திறப்பதற்குள் மரத்தடியிலிருந்து ஒரு அம்மாள், “என்ன அழகா இருக்கு!” என்று போனைத் தூக்கினாள். அவ்வளவுதான். பாதுஷா காலை மடக்கி, கழுத்தை வளைத்து, மாப்பிள்ளை தோரணையாகத் தெரிவதற்கு ஏற்ற மாதிரி பக்கவாட்டில் திரும்பி நின்றது. ஒரு பையன், “எங்க மாமா கல்யாணத்துக்கு வந்த குதிரை!” என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். ஆனந்தவள்ளியின் மானம் கப்பலேறியது.

இப்போதும் நாக்கு ஒரு பொய்யைத் தேடியது. கல்யாணத்துக்கும் விடுவோம் மேடம் என்று சொல்லலாம். அண்ணன் விடுவார் என்று சொல்லலாம். ஆனால் லாயத்து வாசலில் துடைப்பத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற மகளைப் பார்த்ததும் அவள் அந்தப் பொய்களை விழுங்கிவிட்டாள்.

“இல்லைங்க மேடம்,” என்றாள். அந்தச் சொல் அவள் வாயில் கனமாக, பழக்கமில்லாத ஒன்றாக இருந்தது. “எங்ககிட்ட குதிரை இல்ல. எப்பவும் இல்ல. நான்தான் பொய் சொல்லிட்டேன். அவ மேல தப்பில்ல, அவ சொல்லிடறேன்னுதான் சொன்னா.”

மகாலட்சுமி அவளை உற்றுப் பார்த்தாள். “இல்லையா?”

“இல்லைங்க.”

“நெசமா இல்லையா?” அவள் நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். “அப்பாடா! ஏங்க, இத முதல்லயே சொல்லக் கூடாதா? சொந்தக் குதிரை இருக்கறவங்க தனியா போட்டிக்குப் போவாங்க, அவங்கள டீம்ல சேக்க முடியாது. அதான் குதிரையக் கொண்டு வரச் சொன்னேன், தனியா அனுப்பலாமான்னு பாக்க. டீமே குதிரை இல்லாத பசங்களுக்குத்தான். அங்க போனதும் சீட்டு எடுப்பாங்க. எந்தக் குதிரை பேரு வருதோ அதுல ஏறணும், முன்னப் பின்னப் பாக்காத குதிரை. இவதான் நின்ன குதிரையில எல்லாம் ஏறினவ. இவள விட்டுட்டு யாரக் கூட்டிட்டுப் போறதுன்னு ஒரு வாரமா எனக்குத் தூக்கம் இல்ல!”

ஆனந்தவள்ளிக்கு முதலில் எதுவுமே விளங்கவில்லை. பேந்தப் பேந்த விழித்தாள். இல்லாததுதான் வேண்டுமாம். இருக்கு என்று சொன்னதால்தான் இடம் போக இருந்ததாம். விளங்கியதும், குதிரை ஏற வைத்திருந்த மரப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஒரு வாரமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியதில் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கலீம் எதற்கும் இருக்கட்டும் என்று தானும் சிரித்தார்.

முன்னால் நிழல் தட்டியது. அனுசுயா தண்ணீர் பாட்டிலோடு நின்றாள். அவள் உதட்டோரம் துடித்தது. “உள்ள இருக்கும்மா. உக்காருங்க, மோர் குடிங்க,” என்றாள். ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் பேசிய பேச்சு அது. ஆனந்தவள்ளி பாட்டிலை வாங்காமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கையில் அந்தக் குதிரை வாடை அடித்தது.

“டீமுக்கு இன்னிக்குத்தான் பாத்து எடுக்கறேன். ஓட்டிக் காட்டணும்,” என்று மகாலட்சுமி கைதட்டிக் கூப்பிட்டாள். தன் ஹெல்மெட்டைக் கவிழ்த்து அதில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினாள். அனுசுயா எடுத்த சீட்டில் கறுப்பாயி என்று இருந்தது. முரட்டுப் பெண்குதிரை. ஏறியவர்களை உதறிவிடும் என்று பேர் வாங்கியது. பிள்ளைகள் “போச்சு” என்றன. அனுசுயா அதன் காதுக்குப் பின்னால் சொறிந்துகொடுத்து, ஏதோ சொல்லி, ஏறினாள். கறுப்பாயி ஒரு முறை பின்னங்காலை உதைத்தது. ஆனந்தவள்ளிக்கு உயிர் போய் வந்தது. பிறகு அது நடந்தது, நடை ஓட்டமாக மாறியது.

ஷிஃப்டுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஆனந்தவள்ளி எழுந்து வேலியருகே போனாள். சரவணனுக்கு அனுப்பலாம் என்று போனை எடுத்து, மண்ணைக் கிளப்பிக்கொண்டு வளைவில் திரும்பும் மகளுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். அந்தப் பக்கம் மரத்தில் கட்டியிருந்த பாதுஷா அதைப் பார்த்துவிட்டது. தின்றுகொண்டிருந்த புல்லை விட்டுவிட்டு, முன்னங்காலை மடக்கி, கழுத்தை வளைத்து, அவள் படம் எடுத்து முடிக்கும்வரை ஆடாமல் அசையாமல் நின்றது.