மாமா மடியில் டேங்க்

அக்கா புருஷனின் பழைய கார் டேங்கில் ஓட்டை. வெல்டிங் வைக்க வேண்டியவள் பட்டறை நடத்தும் கொழுந்தியாள். பெட்ரோலை ட்யூப் போட்டு கேனில் இறக்கி, டேங்கைக் கழற்றித் தண்ணீர்விட்டு அலசினாள். முகர்ந்து பார்த்தாள். வாடை போகவில்லை. மறுபடியும் அலசினாள்.

காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர்போல் மாமா ஸ்டூலில் நெளிந்தார். "சொட்டு பெட்ரோல் இல்லம்மா. சட்டுனு பத்த வை."

"ஆவி இருக்கே மாமா. அதுதான் வெடிக்கும்."

"உனக்கு எதுக்கெடுத்தாலும் பயம்!"

அவளுக்குச் சுருக்கென்றது. டேங்கைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள். வெல்டிங் டார்ச்சைக் கையில் எடுத்தாள்.

"எனக்குப் பயமே இல்ல. கெட்டியாப் பிடிச்சுக்குங்க. பத்த வைக்கவா?"

மாமா மெல்லக் குனிந்து டேங்கை முகர்ந்தார். பிறகு அதைக் கைக்குழந்தைபோல் ஏந்திக்கொண்டு, குழாயடிக்கு நடந்தார்.