சாக்கடையில் ஊற்றிய சிவப்பு ஒயின்

ஜெயசீலி புட்டியைச் சாக்கடையில் கவிழ்த்தாள். கருஞ்சிவப்பாக, குடுகுடுவென்று இறங்கியது ஒயின்.

"ஏட்டி, சீக்கிரம் ஊத்து! போலீசுக்காரன் குழாயடிக்கு வந்துட்டான்!" பக்கத்து வீட்டுப் பேராச்சி வாசலில் நின்று பதறினாள். "தாராவி பூரா மணக்கே! இது சரக்கா, சென்டாட்டி?"

இத்தாலி மலையில், பாட்டன் காலத்துத் திராட்சைக் கொடிகளில் விளைந்ததாம். ஒரு வாய் குடித்தால் நெஞ்சுக்குள் அடுப்பு மூட்டினாற்போல் இருக்குமாம். கப்பலில் சமையல்காரனாக இருக்கும் அவள் புருஷன் சந்தியாகு போன லீவில் ஒளித்துக் கொண்டுவந்தது. "அடுத்த தடவை வரும்போது ரெண்டு பேருமா திறப்போம்ட்டி" என்று சொல்லிவிட்டுப் போனான். ஆனால் மதுவிலக்கு அமலில் இருந்த பம்பாயில் ஒரு புட்டி அகப்பட்டாலே ஜெயில். கைப்பிள்ளையை யார் பார்ப்பது?

ஹவில்தார் வந்துவிட்டார். வாசனை பிடித்தார். ஆனால் உள்ளே நுழையவில்லை.

"சந்தியாகு வீடு இதுதானே?" என்று இந்தியில் கேட்டார்.

"அப்படி யாரும் இங்கே இல்லை, சாப்." ஜெயசீலியும் தெரிந்த இந்தியில் அடித்துச் சொன்னாள். "அந்தப் பெயரையே கேட்டதில்லை."

ஹவில்தார் பெருமூச்சு விட்டார்.

"நீ அவன் பெண்டாட்டி இல்லையென்றால் நல்லதுதான், தங்கச்சி. ஏடன் பக்கம் கடலில் விழுந்து செத்துப்போனான். அதைச் சொல்லத்தான் வந்தேன்."