ஸ்பீக்கரில் கேட்ட குட்டி

"மார்ச் 12, வியாழன். இன்று ஹெட்போன் மாட்டாமல் ஒலியை ஓடவிட்டேன். என் தவறு."

தாட்சாயிணி அதைத் தன் குறிப்பேட்டில் எழுதிவிட்டுக் கண்களைத் தேய்த்துக்கொண்டாள். சிதம்பரத்தில் மாலை நேர ஒலிப்பதிவு வகுப்பில் அவளும் சிவபிரசாத்தும் சேர்ந்து ஒரு குறும்படம் எடுத்திருந்தார்கள். அதில் நடித்த நாய்க்குட்டியைப் படப்பிடிப்பு முடிந்ததும் அவன் அண்ணாகிராமத்தில் தன் மாமாவின் முந்திரித் தோப்புக்குக் கொடுத்துவிட்டான்.

இன்று குட்டியின் குரைப்பு ஸ்பீக்கரில் கேட்டதும், தெருவில் படுத்திருந்த அதன் தாய் நாய் வகுப்புக்குள் ஓடி வந்தது. ஸ்பீக்கரை முகர்ந்தது. அதன் பின்பக்கம் போய்த் தேடி முனகியது.

"சூப்பர் சீன்டி! இன்னொரு வாட்டி போடு, போன்ல எடுத்துக்கறேன்" என்றான் சிவபிரசாத்.

"பகலெல்லாம் கடையில நின்னுட்டு வந்து, இந்த நாயை வேற ஏமாத்தணுமாடா? உங்க மாமா நம்பரைக் குடு."

ஒலியை நிறுத்திய பிறகும் நாய் நகரவில்லை. அவள் குட்டியைத் திருப்பிக் கேட்டதும் போனில் மாமா சிரித்தார்.

"வந்து தூக்கினு போம்மா. ராப்பூரா கத்தி எங்க உசுர வாங்குது."

இத்தனை நாள் கழித்துத் தாய் அதைச் சேர்த்துக்கொள்ளுமா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனாலும் எழுதினாள்:

"நாளை: கடைக்கு லீவு. காலை பஸ்ஸில் அண்ணாகிராமம் போய்க் குட்டியைக் கொண்டுவர வேண்டும். அட்டைப்பெட்டியும் பழைய துண்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்."